அத்தியாயம் 7: கிராஃபிக்ஸ் சிப் எத்தனை கோடை தாங்கும்?

லேப்டாப் வாங்கக் கடைக்குப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "இதில் என்ன கார்டு?" என்பதுதான். 3050-ஆ, 4050-ஆ, 4060-ஆ என்று எண்ணைச் சொன்னதும் பேச்சு விலைக்குத் தாவிவிடும். அந்த எண் வேகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லும். ஆயுளைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மூன்றாவது வருஷம் திரையில் கோடு கோடாக விழுந்து நின்றுபோன மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு சர்வீஸ் சென்டர் படி ஏறும்போதுதான் பலருக்கும் ஆயுளைப் பற்றிய கேள்வி தோன்றுகிறது. அதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்க வைப்பதற்காக இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

'கார்டு' என்ற சொல்லிலிருந்தே தொடங்க வேண்டும். மேசைக் கணினியில் அது உண்மையிலேயே ஒரு கார்டு. ஸ்லாட்டில் செருகித் திருகை முடுக்கினால் வேலை முடிந்தது. பழுதானால் கழற்றிவிட்டு வேறொன்றைப் போடலாம். லேப்டாப்பில் அப்படி இல்லை. சிப்பும் அதைச் சுற்றியுள்ள மெமரியும் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். கழற்றி மாட்டும் வசதிக்காக எம்எக்ஸ்எம் என்றொரு முறையை 2004-இல் என்விடியா கொண்டுவந்தது. தடிமனான சில உயர்விலை மாடல்களைத் தாண்டி அது பரவவில்லை. இன்று ஃபிரேம்வொர்க் 16 போன்ற ஓரிரு லேப்டாப்களில்தான் கிராஃபிக்ஸ் பகுதியைத் தனியாகக் கழற்ற முடியும். மற்றபடி நாம் வாங்கும் எந்த மெஷினிலும் கிராஃபிக்ஸ் சிப் செத்தால் மதர்போர்டே செத்தது என்றுதான் கணக்கு. புது போர்டுக்குக் கேட்கும் தொகை பல நேரங்களில் மெஷின் விலையில் பாதியைத் தொட்டுவிடும்.

2008-இல் நடந்தது

இந்த விஷயத்தில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பழைய கதை இருக்கிறது. 2008 ஜூலை 2-ஆம் தேதி என்விடியா நிறுவனம் தன் முதலீட்டாளர்களுக்கு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. முந்தைய தலைமுறை லேப்டாப் சிப்களில் சில வழக்கத்தைவிட அதிகமாகப் பழுதாகின்றன. வாரண்டிக்கும் பழுதுபார்ப்புக்கும் 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குகிறோம் என்று அதில் சொல்லியிருந்தது. மறுநாளே அதன் பங்கு விலை ஏறத்தாழ 30 விழுக்காடு விழுந்தது. ஒதுக்கீடும் அதோடு நிற்கவில்லை. 2009-லும் 2010-லும் மேலும் மேலும் ஒதுக்கி, கடைசியில் மொத்தம் 47 கோடி டாலரைத் தாண்டியது.

அந்த அறிவிப்பில் பழுதுக்குச் சொன்ன காரணத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். சிப்பையும் அதன் அடித்தட்டையும் இணைக்கும் பொருட்கள் பலவீனமாக இருந்தன என்பது ஒன்று. லேப்டாப் தயாரிப்பாளர் அமைத்த குளிரூட்டும் ஏற்பாடு இன்னொன்று. வாங்கியவர் பயன்படுத்திய விதம் மூன்றாவது. பொறுப்பைப் பங்குபோடும் எண்ணம் அதில் இருந்திருக்கலாம். ஆனால் தொழில்நுட்பக் கோணத்தில் அது சரியான பட்டியல். இன்றைக்கும் ஒரு லேப்டாப் கிராஃபிக்ஸ் சிப்பின் ஆயுள் இந்த மூன்றில்தான் இருக்கிறது. முதலாவது நம் கையில் இல்லை. கடையில் நின்று பார்த்தாலும் தெரியாது. இரண்டாவதை வாங்கும்போது தேர்ந்தெடுக்கலாம். மூன்றாவது முழுக்க நம் கையில் இருக்கிறது.

அன்று பாதிக்கப்பட்ட மாடல்களில் பல நன்றாக விற்றவை. டெல் நிறுவனத்தின் எக்ஸ்பிஎஸ் எம்1330, லேட்டிட்யூட் டி630 ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன. எச்பி நிறுவனம் பெவிலியன் டிவி2000, டிவி6000, டிவி9000, காம்பேக் பிரசாரியோ வி3000, வி6000 வரிசைகளில் சில மாடல்களுக்கு வாரண்டியை 24 மாதமாக நீட்டித்தது. ஆப்பிள் கதை இன்னும் பாடம் தரக்கூடியது. மேக் கணினிகளுக்குப் பாதிப்பில்லை என்று என்விடியா தனக்கு உறுதி சொன்னதாகவும், தன் சொந்த விசாரணையில் ஜிஃபோர்ஸ் 8600எம் ஜிடி சிப் உள்ள சில மேக்புக் புரோக்கள் பாதிக்கப்படக்கூடும் என்று தெரிய வந்ததாகவும் 2008 அக்டோபரில் அது அறிவித்தது. வாங்கிய நாளிலிருந்து இரண்டு வருஷம்வரை இலவசமாகப் பழுதுபார்ப்போம் என்றது. அந்தக் காலம் பிறகு நான்கு வருஷமாக நீண்டது.

டெல் செய்த காரியத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது ஒரு பயாஸ் அப்டேட் வெளியிட்டது. அதைப் போட்டால் ஃபேன் முன்பைவிட அடிக்கடி சுழலும். சிப்பின் உள்ளே இருக்கும் பொருளை மென்பொருளால் மாற்ற முடியாது. சூட்டின் ஏற்ற இறக்கத்தைக் குறைத்தால் சாவைத் தள்ளிப்போடலாம் என்பதுதான் அதன் கணக்கு. அந்தக் கணக்கு ஏன் பலிக்கும் என்று புரிந்துவிட்டால், லேப்டாப் தேர்வில் பாதி வேலை முடிந்த மாதிரி.

சூடல்ல, சூட்டின் ஏற்ற இறக்கம்

கிராஃபிக்ஸ் சிப்பின் உயிர்ப்பகுதி நகத்தளவு சிலிக்கான் துண்டு. அது குப்புறக் கவிழ்ந்த நிலையில் ஓர் அடித்தட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத அளவில், நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் சால்டர் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு மின்பாதை. அந்த அடித்தட்டு இன்னும் பெரிய சால்டர் உருண்டைகளால் மதர்போர்டோடு இணைக்கப்பட்டிருக்கும்.

சூடேறினால் எல்லாப் பொருளும் விரியும். ஆனால் ஒரே அளவில் விரியாது. சிலிக்கானைவிட அந்த அடித்தட்டு ஐந்து மடங்கு போல விரியும். ஒரு கேம் தொடங்கியதும் சிப் 40 டிகிரியிலிருந்து 85-க்குப் போகிறது. கீழே இருக்கும் தட்டு இழுக்கிறது, மேலே இருக்கும் சிலிக்கான் அசைய மறுக்கிறது. இழுபறி முழுவதையும் நடுவில் இருக்கும் அந்தப் புள்ளிகள் தாங்குகின்றன. கேமை நிறுத்தினால் இழுபறி எதிர்த்திசையில். கம்பி ஒன்றை ஒரே இடத்தில் இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் இற்றுப்போகுமே, அதுதான் இங்கும் நடப்பது. இந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்ளப் புள்ளிகளைச் சுற்றி ஒரு பிசினை நிரப்புவார்கள். 2008 சிப்களில் இருந்த பிசின் குறைந்த சூட்டிலேயே இளகிவிட்டது, அதனால் சுமை நேராகப் புள்ளிகளின் மேல் விழுந்தது என்பதே துறையில் அன்று பரவலாகப் பேசப்பட்ட விளக்கம்.

ஆகவே, '80 டிகிரி ஓடுகிறதே, ஆபத்தா?' என்ற கேள்வி அரைக்கேள்விதான். நாள் முழுக்க 75 டிகிரியில் நிதானமாக ஓடும் சிப்பைவிட, ஒரு மணி நேரத்தில் பத்துத் தடவை 45-க்கும் 88-க்கும் நடுவே ஏறி இறங்கும் சிப் அதிகம் தேய்கிறது. மெல்லிய உடல், சிறிய ஃபேன், பெரிய சிப் என்ற சேர்க்கையில் இந்த ஊசலாட்டம் கூடுதல்.

இது ஒரு கம்பெனியின் நோய் என்று யாராவது நினைத்தால், 2011-ஆம் வருஷத்து 15, 17 அங்குல மேக்புக் புரோக்களை நினைவூட்டுவேன். அவற்றில் இருந்தவை ஏஎம்டி நிறுவனத்தின் ரேடியான் சிப்கள். இரண்டு மூன்று வருஷத்தில் படம் சிதைவது, திரை நீலமாவது, காரணமில்லாமல் ரீஸ்டார்ட் ஆவது என்று தொடங்கின. 2015 பிப்ரவரியில் ஆப்பிள் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டத்தை அறிவித்தது. அதற்குள் சொந்தக் காசைச் செலவழித்தவர்களுக்குத் திருப்பித் தரவும் ஏற்பாடு செய்தது. என்விடியா கெடும், ஏஎம்டி கெடாது என்றோ, அதைத் திருப்பிப் போட்டோ கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம்.

அந்த மேக்புக்குகளில் இன்னொரு பாடமும் இருக்கிறது. உள்ளே இன்டெல் கிராஃபிக்ஸ் நல்ல நிலையிலேயே இருந்தது. ஆனாலும் மெஷின் துவங்கும்போது ரேடியானையும் எழுப்பிவிடும் அமைப்பு இருந்ததால், அது செத்ததும் பலருக்கு டெஸ்க்டாப் வரைக்கும்கூடப் போக முடியவில்லை. இன்றைய பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்களில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. திரை ப்ராசசருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸோடு இணைந்திருக்கும்; பெரிய சிப் தேவைப்படும்போது மட்டும் விழிக்கும். அது கெட்டாலும் டிவைஸ் மேனேஜரில் அதை முடக்கிவிட்டு, பாடமோ கணக்கோ எழுதிக்கொண்டிருக்கலாம். வாங்கும் மெஷினில் ப்ராசசருக்குள் கிராஃபிக்ஸ் உண்டா என்று கட்டாயம் பாருங்கள். இன்டெல் ப்ராசசர் பெயரின் கடைசி எழுத்துகளில் 'எஃப்' இருந்தால் அது கிடையாது என்று பொருள். திரையைப் பெரிய சிப்போடு நேராக இணைக்கும் மக்ஸ் ஸ்விட்ச் உள்ள கேமிங் லேப்டாப்பாக இருந்தால், வேலை முடிந்ததும் ஹைப்ரிட் முறைக்குத் திருப்பிவிடும் பழக்கம் நல்லது. பெரிய சிப் வீணாகச் சூடாகாது.

தேவையா என்று முதலில் பாருங்கள்

டேலி, எக்செல், ஆன்லைன் வகுப்பு, நிரல் எழுதுவது, படம் பார்ப்பது, புகைப்படத்தை ஓரளவு திருத்துவது, யூடியூபுக்குச் சிறு வீடியோ வெட்டுவது — இவற்றுக்குத் தனி கிராஃபிக்ஸ் சிப் வேண்டாம். 2020-இல் வந்த இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ, 2022-இல் வந்த ரேடியான் 680எம் காலத்திலிருந்தே ப்ராசசருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் இந்த வேலைகளுக்குத் தாராளம். இல்லாத சிப் கெடாது. அதற்கான ஹீட் பைப், கூடுதல் மெமரி, பெரிய சார்ஜர் ஆகியவையும் கெடாது. "பையன் காலேஜுக்குப் போறான், எதுக்கும் இருக்கட்டும்" என்று தனி சிப் உள்ளதை வாங்கும் பெற்றோரைப் பார்த்தால் எனக்குத் தடுக்கத் தோன்றுகிறது. அந்தக் காசில் ரேம் கூட்டுங்கள், வாரண்டி கூட்டுங்கள்.

பிளெண்டர், லூமியான், டாவின்சி ரிசால்வில் கனமான வேலை, குடா சார்ந்த ஆராய்ச்சி, தீவிரமான கேமிங் என்று உண்மையான தேவை இருப்பவர்களுக்குத்தான் இனி எழுதப்போவது.

வாட் எவ்வளவு?

பெயர்ப்பலகையில் ஆர்டிஎக்ஸ் 4060 என்று இருக்கும். ஆனால் என்விடியா அந்த ஒரே பெயரில் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை ஓட்டத் தயாரிப்பாளருக்கு இடம் கொடுத்திருக்கிறது. 4050-க்கும் 4070-க்கும்கூட அதே வீச்சுதான். முன்பெல்லாம் குறைந்த வாட் வகைக்கு மேக்ஸ்-கியூ என்று தனிப் பெயராவது இருந்தது. 2021-க்குப் பிறகு அந்த அடையாளமும் மங்கிவிட்டது. அதனால் தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் நுணுக்க விவரத்துக்குப் போய் 'டிஜிபி' அல்லது 'மேக்ஸ் கிராஃபிக்ஸ் பவர்' என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரியே இல்லாத மாடலை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

அதிக வாட் என்றால் சீக்கிரம் சாகும், குறைந்த வாட் என்றால் நீடிக்கும் என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. இரண்டு பெரிய ஃபேன், பின்பக்கமும் பக்கவாட்டிலும் அகலமான காற்றுவழி, இரண்டரை கிலோ எடை என்று இருக்கும் மெஷினில் 115 வாட் சிப் 75 டிகிரியில் இருக்கலாம். ஒன்றரை கிலோ மெல்லிய மெஷினில் 60 வாட் சிப் 87-ஐத் தொட்டுக்கொண்டு நிற்கலாம். பார்க்க வேண்டியது, சிப் எவ்வளவு சூட்டைக் கக்குகிறது, உடல் எவ்வளவு வெளியேற்றுகிறது என்ற இரண்டுக்கும் உள்ள பொருத்தம். பல மெஷின்களில் ப்ராசசரும் கிராஃபிக்ஸ் சிப்பும் ஒரே ஹீட் பைப்பைப் பகிர்ந்துகொள்ளும். அங்கே ப்ராசசர் முழுவேகத்தில் ஓடினாலே பக்கத்தில் சும்மா இருக்கும் கிராஃபிக்ஸ் சிப்பும் சூடாகிவிடும்.

பொருத்தத்தை எப்படி அறிவது? நோட்புக்செக் போன்ற ஆய்வுத் தளங்களில், அந்த மாடலை நீண்ட நேரம் முழுச்சுமையில் ஓட்டி, சிப் எத்தனை டிகிரியில், எத்தனை வாட்டில் நிலைக்கிறது என்று எழுதியிருப்பார்கள். முதல் ஐந்து நிமிஷ வேகத்தைப் பார்க்காதீர்கள். அரைமணிக்குப் பிறகு என்ன என்று பாருங்கள்.

அந்த எண்ணைப் படிக்கும்போது நம் ஆட்கள் விட்டுவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. ஐரோப்பாவில் உட்கார்ந்து அளப்பவர் அறை 22 டிகிரி, 24 டிகிரி. மே மாதம் திருச்சியிலோ வேலூரிலோ மாடியறையில் மின்விசிறிக்குக் கீழே நாம் உட்கார்ந்திருக்கும் இடம் 35 டிகிரி. லேப்டாப் அறைக் காற்றைத்தான் உள்ளிழுத்துக் குளிர்கிறது. அறை 12 டிகிரி கூடினால் சிப்பும் ஏறத்தாழ அவ்வளவு கூடும். அங்கே 74-இல் நின்றது இங்கே 86. அங்கேயே 86-இல் நின்ற மெஷினுக்கு இங்கே ஏற இடமே இல்லை. அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஃபேன் முழுக்குரலில் அலறும், வெயில்காலம் முழுவதும் அந்தச் சால்டர் புள்ளிகள் எல்லையிலேயே நிற்கும். மெஷினோடு வரும் சிறு அச்சுத்தாளில் இயங்கும் சூழல் வெப்பம் அதிகபட்சம் 35 டிகிரி என்று பல தயாரிப்பாளர்கள் போட்டிருப்பதையும் கவனியுங்கள். நம் ஊரில் சிலருக்கு அது ஏப்ரல் மாதத்துப் பகலின் தொடக்கம்தான்.

அதனால் நான் வைத்திருக்கும் அளவுகோல் இது. ஆய்வில் முழுச்சுமையில் 75-க்குள் நின்றால் நம் ஊருக்கு நல்லது. 80 வரை, ஏசி அறையில் வேலை செய்பவருக்குச் சரி. 85-ஐத் தாண்டியதை, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும், வேண்டாம் என்பேன். ஒரே பணத்துக்கு, சூடாக ஓடும் 4070-ஐயும் குளிர்ந்து ஓடும் 4060-ஐயும் முன்னால் வைத்தால் என் கை 4060 பக்கம்தான் போகும்.

அக்கா மகள் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தபோது இந்த அளவுகோல் எனக்கே தெரியாது. மெல்லியதாக, அழகாக, தோளில் கனக்காததாக ஒன்றை நான்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். இறுதியாண்டு, மூன்றாவது கோடை. ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது திரையில் பச்சைக் கட்டங்கள் சிதறின. பிறகு திரையே வரவில்லை. வாரண்டி முடிந்து ஐந்து மாதம். சிப் லெவல் சர்வீஸ் என்று பலகை மாட்டிய ஒரு கடையில், சிப்பைச் சூடேற்றித் திரும்ப உட்கார வைக்கிறோம் என்றார்கள். மறுநாள் மாலை மெஷின் ஓடியது. "மாமா, வந்துடுச்சு!" என்று அவள் போனில் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. இருபத்து மூன்றாவது நாள் அதே பச்சைக் கட்டங்கள். திட்டத்தைச் சமர்ப்பிக்க நான்கு நாள் இருந்தது. அவள் தோழி ஒருத்தியின் மெஷினில் இரவு இரவாக உட்கார்ந்து முடித்தாள்.

அந்தச் சூடேற்றுதல் ஏன் நிற்கவில்லை என்று பிறகுதான் விளங்கியது. ஈயமில்லாத சால்டர் உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். ஹாட் ஏரில் காட்டும்போது விரிசல் விட்ட புள்ளிகள் அழுந்தித் தற்காலிகமாகத் தொட்டுக்கொள்கின்றன. பழுது சிப்புக்கும் அதன் அடித்தட்டுக்கும் நடுவே இருந்தால், அடியில் உள்ள உருண்டைகளைப் புதிதாக மாற்றும் ரீபாலிங்கும் அதைத் தொடுவதில்லை. சில நூறு தடவை சூடாகி ஆறியதும் மறுபடி பிரிந்துவிடும். புது சிப் வாங்கி பிஜிஏ மெஷினில் வைத்து மாற்றுவது மட்டுமே பழுதுபார்ப்பு. சூடேற்றினால், உள்ளே இருக்கும் ஃபைல்களை எடுத்துக்கொள்ளக் கொஞ்ச நாள் கிடைக்கும். அதற்கு மேல் அதற்குக் காசு கொடுக்காதீர்கள். சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்களிலும் நேர்மையான டெக்னீஷியன்கள் இதை முதலிலேயே சொல்லிவிடுவார்கள். "சூடு காட்டப்போறீங்களா, சிப்பை மாத்தப்போறீங்களா?" என்று நீங்களே கேளுங்கள்.

வாரண்டி

2008 விவகாரத்தில் அமெரிக்காவில் தொடுத்த கூட்டு வழக்கு 2010 டிசம்பரில் சமரசமாக முடிந்தது. டெல், ஆப்பிள் மெஷின்களுக்குப் பழுதுபார்ப்பு, எச்பி மெஷின்களுக்கு வேறொரு லேப்டாப் என்று ஏற்பாடு. கொடுத்த மாற்று மெஷின் மிக எளிய ரகம் என்று விலையுயர்ந்த மாடல் வைத்திருந்தவர்கள் நீதிமன்றத்தில் ஆட்சேபித்தும் பயனில்லை. அந்த ஏற்பாடும் அமெரிக்காவில் வாங்கியவர்களுக்கு மட்டும். அதே சிப் உள்ள மெஷினை இங்கே வாங்கியவருக்கு அதில் பங்கில்லை. நமக்கு இங்கே கைகொடுப்பது பில்லும் வாரண்டிச் சீட்டும்தான்.

சால்டர் சோர்வு முதல் வருஷத்தில் பெரும்பாலும் வெளியே தெரியாது. இரண்டாவது, மூன்றாவது வருஷத்தில்தான் தலைகாட்டும். சாதாரண வாரண்டியோ ஒரு வருஷம். தனி கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப்புக்கு மூன்று வருஷ வாரண்டியை விலையின் ஒரு பகுதியாகவே நினைத்துக்கொள்ளுங்கள். அதைச் சேர்த்தால் பட்ஜெட்டைத் தாண்டுகிறது என்றால் ஒரு படி கீழே உள்ள மாடலுக்குப் போங்கள். நீட்டிப்பைத் தயாரிப்பாளரிடமே வாங்குங்கள். கடையில் விற்கும் பாதுகாப்புத் திட்டங்களில் சில, விழுந்து உடைந்தால் மட்டும் பொறுப்பேற்பவை. 'மதர்போர்டு, ஜிபியு உட்படத் தயாரிப்புக் குறைகளுக்கு' என்று எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் மாவட்டத்தில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, வீட்டுக்கு வருவார்களா, நாம் தூக்கிப்போக வேண்டுமா என்பதும் அந்தத் தொகைக்குள்தான். மெஷின் வந்த அன்றே சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு வாரண்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று சரிபாருங்கள். கடையில் ஆறு மாதம் கிடந்த சரக்கு பழைய தேதியைக் காட்டினால், பில்லை அனுப்பித் திருத்தச் சொல்லலாம்.

வாரண்டி முடிய ஒரு மாதம் இருக்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்துவைத்து, நீங்கள் வழக்கமாகச் செய்யும் கனமான வேலையை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். மெஷின் புதிதாக வந்த வாரத்திலும் இதையே செய்து எண்களைக் குறித்து வைத்திருந்தால் ஒப்பிட வசதி. அதே அறைச்சூட்டில் பத்து டிகிரி கூடியிருந்தால் தூசியோ காய்ந்த தெர்மல் பேஸ்ட்டோ காரணம். சிப்பின் சராசரிச் சூட்டுக்கும் ஹாட் ஸ்பாட் என்று காட்டும் எண்ணுக்கும் 10, 15 டிகிரி இடைவெளி இயல்பு. 25-ஐத் தாண்டினால் ஹீட் சிங்க் சரியாகப் படியவில்லை. விண்டோஸ் ஈவன்ட் வியூவரில் 'டிஸ்ப்ளே டிரைவர்' நின்று மீண்டதாகப் பதிவுகள் குவிந்திருக்கிறதா, டிவைஸ் மேனேஜரில் 'கோட் 43' என்ற பிழை எப்போதாவது எட்டிப் பார்த்ததா என்று பாருங்கள். டிரைவரைச் சுத்தமாக அழித்துத் திரும்பப் போட்டும் பிழை தொடர்ந்தால் காத்திருக்காதீர்கள். ஸ்கிரீனைப் போனில் படமெடுத்து, வாரண்டிக்குள்ளேயே புகாரைப் பதிவு செய்து, எண்ணை வாங்கிவிடுங்கள். "எப்பவாவதுதான் வருது, பார்ப்போம்" என்று தள்ளிப்போட்டவர்கள்தான் வாரண்டி முடிந்த மறுமாதம் கையைப் பிசைகிறார்கள்.

புகாரைத் தட்டிக்கழித்தால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசலாம். வழக்கென்று போனால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் தொடுக்க வேண்டும். கையில் புகார் எண்ணும் தேதியும் இருப்பது அப்போதுதான் உதவும்.

டிரைவர் ஆயுள்

சிப் நன்றாக இருந்தும் ஆதரவு நின்றுபோவதும் உண்டு. என்விடியாவின் கெப்ளர் தலைமுறை லேப்டாப் சிப்களுக்குப் புது டிரைவர்கள் 2019-இல் நின்றன. ஜிடிஎக்ஸ் 1050, 1060 அடங்கிய பாஸ்கல் தலைமுறைக்கு 2025 அக்டோபரோடு வழக்கமான டிரைவர்கள் முடிந்து, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் தொடர்கின்றன. தள்ளுபடியில் இரண்டு தலைமுறை பழைய சிப் கிடைத்தால், விலையோடு இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

வாங்கிய பிறகு

சிப்பின் ஊசலாட்டத்தைக் குறைக்கும் எளிய வழி கேமில் ஃபிரேம் எண்ணிக்கைக்கு எல்லை போடுவது. 60 ஹெர்ட்ஸ் திரைக்கு 140 ஃபிரேம் வரைய வேண்டியதில்லை. 60-இல் நிறுத்தினால் சூடு சட்டென்று இறங்குவதை நீங்களே எண்ணில் பார்க்கலாம். மெத்தையிலும் மடியிலும் வைத்து ரெண்டர் ஓட்டாதீர்கள். அடியில் இருக்கும் துளைகள்தான் அது மூச்சு வாங்கும் வழி. பின்பக்கம் இரண்டு விரல் உயரம் தூக்கி வைத்தாலே வித்தியாசம் தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை ஃபேனைச் சுத்தம் செய்யுங்கள். இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தெர்மல் பேஸ்ட் மாற்றலாம். ஆனால் சில கேமிங் மாடல்களில் பேஸ்ட்டுக்குப் பதில் திரவ உலோகம் போட்டிருப்பார்கள். அது மின்சாரம் கடத்தும். வழிந்து பக்கத்துப் பாகத்தில் பட்டால் போர்டே போய்விடும். உங்கள் மாடலில் அது இருந்தால் பழகாத கையில் கொடுக்காதீர்கள்.

பழைய லேப்டாப் வாங்குகிறவர்களுக்கு

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது விற்பவர் மெஷினை ஏற்கெனவே ஆன் செய்து, சூடாகவே வைத்திருந்தால் அதை அணைக்கச் சொல்லுங்கள். விரிசல் விட்ட புள்ளி சூட்டில் விரிந்து ஒட்டிக்கொண்டு நன்றாக ஓடுவதுபோலக் காட்டலாம்; ஆறினால் பிரியலாம். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். அதனால் சோதனை மூன்று கட்டம். ஆறிய மெஷினை ஆன் செய்து திரை வரும்வரை கண்ணெடுக்காமல் பாருங்கள். இருபது நிமிஷம் கனமாக ஓட்டுங்கள். அணைத்து, மூடி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து, முழுக்க ஆறிய பிறகு மறுபடி அதே இருபது நிமிஷம். இரண்டாவது சுற்றில்தான் பச்சைப் புள்ளியோ கோடோ எட்டிப் பார்க்கும். எச்டிஎம்ஐ வழியாக வெளித்திரையிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பல மாடல்களில் அந்தத் துளை நேராகப் பெரிய சிப்போடு இணைந்திருக்கும். அடிமூடியின் திருகுகள் தேய்ந்திருந்தால், திறக்க அனுமதி கேளுங்கள். சிப்பைச் சுற்றிப் பழுப்பேறிய பிசுபிசுப்பு இருந்தால் அது ஹாட் ஏர் பட்ட ஃபிளக்ஸ். அந்த மெஷினை விலை பேசாமல் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.